மதுராவுக்கு ஊஞ்சல் பார்க்கப் போன சனிக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. 2009 ஏப்ரல் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, எங்கள் ஊர்ச் சபையான கவுன்சிலில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தார். வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவைப் புதுப்பிக்கிறார்களாம். உடல் ஏலாத பிள்ளைகளுக்கென்று ஒரு ஊஞ்சல் போடப் போகிறார்களாம். மூன்று வகை இருக்கிறதாம். எது வேண்டும் என்று திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம். நடக்கிற பிள்ளைகளுக்கு எட்டு ஊஞ்சல், நடக்காத பிள்ளைகளுக்கு ஒன்று. அந்த ஒன்றும் நான் ஒரு வருடமாகப் போன் எடுத்து அறுத்த அறுவையில் வந்தது. எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன். கிழக்கு லண்டன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதிவிட்டால் அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மகள் மதுராவுக்கு ஒன்பது வயது. பிறந்ததில் இருந்து கைகால் இறுக்கம். கழுத்தும் முதுகும் தானாக நிமிர்ந்து நிற்காது. வாயால் பேசமாட்டாள், கண்ணால் பேசுவாள். ஓம் என்றால் மேலே பார்ப்பாள், இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடுவாள். நான் பாகற்காய் சமைக்கிற நாட்களில் அவளுடைய கண்ணின் நிறமே யாருக்கும் தெரியாது. ஊஞ்சலில் ஆடினால் அந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து, வயிற்றில் இருந்து சிரிப்பாள். ஆனால் அவள் இருக்கக்கூடியதாக எங்கள் பூங்காவில் இருந்தது குழந்தைகளின் வாளி ஊஞ்சல் மட்டும்தான். போன கோடையில் அதற்குள் கால் சிக்கி, நானும் வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்து மற்றப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பூங்கா.

கவுன்சில்காரி மூன்று படம் அனுப்பினார். படத்தைப் பார்த்துச் சொல்லட்டாம். நான் ஒரு நூல் சேலையைக்கூடக் கையால் தடவிப் பார்க்காமல் எடுப்பதில்லை. என் பிள்ளையை ஏற்றுகிற ஊஞ்சலைப் படத்தில் பார்த்து எடுப்பேனா? மதுராவின் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். எந்த வகை எந்தப் பூங்காவில் இருக்கிறது என்று அவர் சொன்னார். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. லண்டனைச் சுற்றி ஊஞ்சல் யாத்திரை!

சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் அண்ணையின் காரில் புறப்பட்டோம். அண்ணை மினிகப், வாடகைக் கார், ஓட்டுகிறவர். பாரிஸில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவர், அதனால் லண்டனில் எதைப் பார்த்தாலும் பாரிஸில் இதைவிட நல்லது என்பார். மதுராவின் சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடி, மாப்பிள்ளை பாக்கப் போறமாதிரி வெளிக்கிட்டு நிக்கிறாய்?"

"ஊஞ்சலுக்கு எங்களைப் பிடிக்க வேணுமே அண்ணை."

"பிள்ளைக்கு என்ன உது, மூட்டை கட்டி வச்சிருக்கிறாய்?"

உள்சட்டை, அதன் மேல் சட்டை, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் பஞ்சு அடைத்த கோட்டு, கழுத்தில் சால்வை. ஏப்ரலில் வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. "சளி பிடிச்சா நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுறது?" என்று அவர் வாயை அடைத்தேன். இந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வடக்கே, பன்னிரண்டு மைல். சனிக்கிழமை என்பதால் நாற்பது நிமிடத்தில் போய்விட்டோம். அங்கே மேடை ஊஞ்சல். சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிள்ளையை இரும்பு மேடையில் ஏற்றி, சில்லைச் சங்கிலியால் பூட்டி ஆட்டலாம், தூக்கி இறக்கத் தேவையில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேரில் பார்த்தால் அதைச் சுற்றி ஆளுயர வேலி, வேலிக்குக் கதவு, கதவில் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு பூங்கா அலுவலகத்தில், அலுவலகம் சனி ஞாயிறு மூடல்.

"இதென்ன, நகைக்கடையே?" என்றார் அண்ணை.

பூங்காவைப் பராமரிக்கிற ஒருவர் இலை கூட்டிக்கொண்டு நின்றார். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆங்கிலம் இங்கே வந்து பொறுக்கியது. சாதாரணமாக நொண்டும், கோபம் வந்தால் மட்டும் நன்றாக ஓடும். அன்று ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளை சனிக்கிழமை ஆடாமல் எப்போது ஆடுவது என்று கேட்டேன். மேடை பாரமானது, ஓடித் திரிகிற பிள்ளைகளின் தலையில் அடித்துவிடும், அதுதான் பூட்டு என்றார். நியாயம்தான். சரி, திறப்பை யாராவது கொண்டுவரலாமே என்றேன். முதல் நாளே போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

ஊஞ்சல் ஆட அப்பொயின்ட்மென்ட்! பல்லுப் பிடுங்கத்தான் இந்த நாட்டில் அப்பொயின்ட்மென்ட் எடுத்துப் பழக்கம். அந்த மனிதர் பாவம், தன் போனில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. மதுரா வேலிக் கம்பிக்கு வெளியே இருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கத்தில் செய்கிற அதே வேலையைச் செய்ய அவளைப் பன்னிரண்டு மைல் கொண்டுவந்திருக்கிறேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்தது தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே. போகிற வழியில் அண்ணை ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தி, மீன் ரோல்ஸ் இரண்டு ஒரு பவுணுக்கு என்று ஆறு வாங்கினார். நான்கு அவருக்கு. அந்தப் பூங்காவில் இருந்தது கதிரை ஊஞ்சல், நாற்காலி வடிவம். முதுகு உயர்ந்த பிளாஸ்டிக் கதிரை, தோளுக்கு மேலால் வந்து நெஞ்சில் பூட்டுகிற பட்டி. சின்ன அளவில் ஒன்று, பெரிய அளவில் ஒன்று. பூட்டு இல்லை, வேலி இல்லை. ஆனால் ஊஞ்சலைச் சுற்றி, விழுந்தால் அடிபடாதபடி, கணுக்கால் ஆழத்துக்கு மரச்சீவல் கொட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியின் முன் சில்லு இரண்டும் அதற்குள் புதைந்து நின்றுவிட்டன. நடக்க ஏலாத பிள்ளைக்கு ஊஞ்சல் வாங்கிக் கட்டியவருக்கு, அந்தப் பிள்ளை அதுவரை எப்படி வரும் என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை போலும். பறந்து வருமாக்கும். அண்ணை மதுராவைத் தூக்கினார்.

சின்னக் கதிரையில் பட்டி பூட்டுப்படவில்லை. பெரியதில் கச்சிதமாகப் பூட்டியது. ஆட்டினோம். மதுரா சிரித்தாள். போன கோடைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"பெரிய கதிரைதான் அண்ணை. இப்பவே போனிலை சொல்லிவிடுங்கோ."

"மூண்டாவதைப் பாக்காமலே? பாரிஸிலை எண்டால்..."

"பாரிஸை விடுங்கோ. சொல்லுங்கோ."

கவுன்சில்காரியின் பதிவு இயந்திரத்தில் அண்ணை அழகான ஆங்கிலத்தில், கதிரை ஊஞ்சல், பெரிய அளவு என்று சொல்லிவைத்தார். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது, மூன்றாவது பூங்காவும் அந்தப் பக்கம்தான். கோயிலில் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டோம். அம்மன் ஆடுகிற ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஆரம்மா பூட்டுப் போடுறது?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

மேற்குப் பூங்காவுக்குப் போனபோது மூன்று மணி இருக்கும். வெயில் வந்துவிட்டது. மதுராவின் முகம் சிவந்து வேர்த்ததால் கோட்டையும் கம்பளிச் சட்டையையும் கழற்றினேன். அங்கேயும் அதே பெரிய கதிரை ஊஞ்சல் இருந்தது. இன்னொருமுறை ஆடட்டும் என்று ஏற்றி, பட்டியைப் பூட்டி, அண்ணை மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளினார்.

இரண்டாவது தள்ளலில் பிள்ளை கீழே வழுக்கினாள். இடுப்பு முன்னால் போய், நெஞ்சில் நின்ற பட்டி மேலே ஏறி, நாடிக்குக் கீழே, கழுத்தில் வந்து நின்றது. சத்தம் வரவில்லை. கண் மட்டும் இறுக்கி மூடியிருந்தது.

"பிடியுங்கோ அண்ணை, பிடியுங்கோ!"

அவர் கதிரையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். நான் பட்டியைக் கழற்றினேன். மதுராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஓடிவந்தார். தமிழ்நாட்டுக்காரர், பெயர் சுமதி. அவருடைய மகளும் மதுரா மாதிரித்தான். ஐந்து வயது, மிருதுளா.

"கோட்டோட அளந்தீங்களாக்கா?" என்றார், சக்கர நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்த கோட்டைப் பார்த்து.

"ஓம். காலைமை சரியாத்தானே இருந்தது."

"நானும் அப்படித்தான் ஏமாந்தேன். குளிருமேன்னு நாலு சட்டை போட்டு, கார் சீட்டே பெரிய சைஸ்ல வாங்கிட்டேன். கழட்டினா புள்ள உள்ள நீச்சல் அடிக்கிறா. வெள்ளக்காரங்க புள்ளைங்க பனியில டீ-ஷர்ட்டோட திரியுதுங்க, அவங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல."

"எடியே," என்றார் அண்ணை, "காலைமையே நான் மூட்டை எண்டு சொன்னனான்."

"நீங்கள் மூட்டை எண்டுதான் சொன்னனீங்கள். அளவு பிழைக்கும் எண்டு சொன்னனீங்களே?"

சுமதிதான் எங்களைக் கூடை ஊஞ்சலுக்குக் கூட்டிப்போனார். பெரிய வட்ட வளையம், நடுவில் கயிற்று வலை. பிள்ளையைப் படுக்கவிடலாம், பட்டியும் இல்லை, அளவும் இல்லை. நிலமும் இறப்பர் விரிப்பு, சில்லு நேரே போனது. மிருதுளாவுக்குப் பக்கத்தில் மதுராவைக் கிடத்தினோம். இரண்டு பேரின் தலையும் முட்டிக்கொண்டது. சுமதி ஒரு பக்கம், அண்ணை ஒரு பக்கம் ஆட்ட, இரண்டும் வானத்தைப் பார்த்துச் சிரித்தன. தெற்கே சிரித்ததை நான் பெரிதாக நினைத்திருந்தேன். இது விக்கல் எடுக்கிற சிரிப்பு.

"கதிரை வேணுமோ பிள்ளை?" என்று கேட்டேன். கண்ணை இறுக்கி மூடினாள். "இது வேணுமோ?" மேலே பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

எனக்கு ஒரு குறை இருந்தது. "இதிலை எல்லாப் பிள்ளையளும் வந்து ஏறுங்கள் அண்ணை. எங்கட பிள்ளை வரிசையிலை நிக்க வேண்டி வரும்."

"நிக்கட்டுமன். பூட்டுக்கு வெளியிலை நிக்கிறதை விட வரிசையிலை நிக்கிறது திறம்தானே."

அண்ணை வாழ்க்கையில் சொன்ன புத்தியான வார்த்தை அது ஒன்றுதான், பாரிஸும் இல்லாமல்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே போன் எடுத்தேன். கவுன்சில்காரி மிகவும் சந்தோஷமாக, தகவல் கிடைத்தது, பெரிய கதிரை என்று குறித்தாயிற்று என்றார். மாற்ற வேண்டும் என்றேன். எல்லாப் பாதுகாப்புச் சோதனையும் செய்த கதிரை, பயப்பட வேண்டாம் என்றார். கழுத்துக்கு வந்தது என்றேன். சரியாகப் பூட்டியிருக்கமாட்டீர்கள் என்றார்.

அவ்வளவுதான். மதுராவைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேரே கவுன்சிலுக்குப் போனேன். வரவேற்பறையில் அந்தப் பெண் வந்ததும் மதுராவுக்குக் கோட்டைப் போட்டேன். சக்கர நாற்காலியின் நெஞ்சுப் பட்டியை இறுக்கிப் பூட்டினேன். விரல் போகாது, பாருங்கள் என்றேன். பார்த்தார். பட்டியின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு கோட்டை மட்டும் கழற்றி, மறுபடி பூட்டினேன். என் முழுக் கையும் உள்ளே போய் வெளியே வந்தது. "உங்கள் பூங்காவில் கோடையும் வரும், குளிரும் வரும். எந்தக் காலத்துக்கு உங்கள் கதிரை?" என்று கேட்டேன். காத்திருந்த சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு படங்களை எடுத்துவந்து, குனிந்து, என்னிடம் அல்ல, மதுராவிடம் காட்டினார். கண்ணால் சொல்லுவாள் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். பதில் வரும்வரை அவசரப்படாமல் நின்றார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனவள் நான். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மற்றப் பாதி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்குக்காக, அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைக்கும் ஊஞ்சல் பார்க்கப் போகிறீர்களானால் முதலில் கோட்டைக் கழற்றுங்கள். குளிரில் ஒரு நிமிடம் நடுங்கினால் ஒன்றும் வராது. கதிரை வகைதான் தேவை என்றால், உடம்பை ஒட்டின உடுப்போடு அளந்து, கால்களுக்கு நடுவாலும் ஒரு பட்டி வருகிறதா என்று பாருங்கள், அதுதான் வழுக்காமல் பிடிக்கும். மேடை வகை என்றால் திறப்பு யாரிடம், எந்த நாளில் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நிலம் சீவலா இறப்பரா என்றும் கேளுங்கள். கூடைக்குப் பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், பாரமான பிள்ளைகளுக்கு மேடைதான் சரிவரும். எங்களுக்கு முழுச் சுற்றும் ஏறக்குறைய அறுபது மைல், பெட்ரோல் பத்துப் பவுணுக்குள். பஸ்ஸில் சக்கர நாற்காலிக்குக் காசு இல்லை, ஆனால் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். குழந்தை வண்டியோடு யாராவது நின்றால் ஒதுங்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஜூலை கடைசியில் எங்கள் பூங்காவில் கூடை ஊஞ்சல் வந்தது. முதல் ஞாயிறு போனோம். நான் சொன்னபடியே வரிசை. எங்கள் முறை வந்து, மதுராவைக் கிடத்தி ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வயது இருக்கும், முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சிறுமி வந்து, இடுப்பில் கை வைத்து, மதுராவின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "நீ கனநேரம் ஆடிவிட்டாய். இறங்கு. இப்போ என் முறை."

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"பேசாமல் இரடி. அது மதுராவோடையெல்லே சண்டை பிடிக்குது."

ஒன்பது வருடத்தில் மதுராவை எல்லாரும் பாவம் என்றுதான் பார்த்திருக்கிறார்கள். அவளோடு ஒருவரும் சண்டை பிடித்ததில்லை. என் மகள் அந்தப் பல்லுப்போனவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று கிடந்தாள்.