மாமா கொண்டுவந்த கொடிகள்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். நம் கடற்கரை மணலில் தானாக முளைத்துப் பூக்கும் கொடி ஒன்றைக் கண்டுபிடித்து, பெயரோடு கொண்டுவர வேண்டும். சரியாகக் கொண்டுவருபவர்களுக்குத்தான் ராயபுரத்தில் நடக்கும் கண்காட்சியில் இடம். எனக்கோ அங்கே போயே ஆக வேண்டும். மத்தியானம் பிரியாணி உண்டென்று வகுப்பில் ஒரு பேச்சு.

எங்கள் வீடு எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில். அம்மாவின் தம்பி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், மணலிலேயே புரண்டு வளர்ந்தவர். அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். "கவலையே படாத பாப்பா, நானே இஸ்கூலாண்ட வந்து குடுக்கறேன்" என்றார்.

கொடுத்தார். முதலில் வேலியில் படர்ந்த கோவைக்கொடி. டீச்சர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கையில் சங்குப்பூ. அதுவும் இல்லை. அடுத்து, டீக்கடையிலிருந்து பாட்டிலோடு தூக்கிவந்த மணி பிளாண்ட். எனக்கு மானம் போனது. இலை நுனி ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்கும், பூ ஊதாவாகப் புனல் போல இருக்கும் என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார்.

"பிளந்துகினு இருக்குமா? இன்னொரு தபா சொல்லுங்க டீச்சர்" என்றார் மாமா.

வீட்டுப்பாடம் ஒரு நாள் தவறினாலும் வெளியே நிற்க வைக்கிற டீச்சர், எனக்கு மட்டும் தவணை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம், அழுகை முட்டிக்கொண்டு வர, நானே கடற்கரைக்குப் போனேன். மாமா வலையைக் காயப்போட்டிருந்தார். மண் ஒட்டாமலிருக்க எங்கள் ஆட்கள் கொடி படர்ந்த இடமாகப் பார்த்துத்தான் வலையை விரிப்பார்கள். வலைக்கண்ணுக்குள்ளிருந்து ஊதாப் பூ எட்டிப் பார்த்தது. இலையைப் பறித்துப் பார்த்தேன். ஆட்டுக் குளம்பேதான்.

"மாமா, இது பேரு இன்னா?"

"அடப்பங்கொடி. இது கூடவா தெரியாது?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாப்பா, இத்த ரெண்டு நாள் கழிச்சி குடுக்கலாமே" என்று கெஞ்சவும் செய்தார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிரியாணிதான் கண்ணில் நின்றது.

மறுநாள் கொடியைக் கொடுத்தேன், கண்காட்சியில் இடம் கிடைத்தது. டீச்சர் மட்டும் வாசலையே பார்த்தார். "உங்க மாமா வரலியா?"

இவ்வளவு விளக்கியும் மாமாவுக்குப் புரியவில்லையே என்று கவலைப்படுகிறார் போலும். பாவமாக இருந்தது. "அவருக்கு நல்லா தெரிஞ்சிபோச்சு டீச்சர், இனிமே வரவே மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னேன்.

அந்த டீச்சரை இப்போது அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த ஆறுதலை அவர் இன்றைக்கும் மாமாவின் எதிரிலேயே சொல்லிக்காட்டிச் சிரிக்கிறார்.