பழப்புளி போட்டு மினுக்கிய இரும்பு

போன கிழமை ஒரு கலியாண வீட்டுக்காகக் குத்துவிளக்கு மினுக்க வேண்டி வந்தது. மணப்பெண் மனைவியின் தங்கை மகள். எங்கள் வீட்டு விளக்குத்தான் மணவறைக்குப் போகவேண்டும் என்று கட்டளை. கடையில் போத்தலில் விற்கிற சாமானெல்லாம் எனக்குச் சரிவராது. பழைய பழப்புளியை ஊறப்போட்டு, உப்புச் சேர்த்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தால்தான் தேய்த்தமாதிரி இருக்கும். அப்போது பித்தளையிலிருந்து ஒரு புளிச்ச மணம் எழும்பும், தெரியுமோ? அது மூக்கில் ஏறினதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினியில் தனிய நின்று சிரிக்கிறேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, விசரோ?"

"தவத்தின்ரை இரும்பு ஞாபகம் வந்தது."

"ஐயோ, திரும்பவும் தொடங்காதேங்கோ," என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். எத்தனையோ வருசமாகக் கேட்கிறவள், அலுக்கும்தானே. நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஆகையால் மாட்டுப்பட்டீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், ஓல்டன் நகரில், ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடி. இரண்டு அறை, ஐந்து ஆட்கள். எல்லாரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் பார்த்திருந்தவர்கள். சூரிச் ரயில் போனால் தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுக்கும், பேர்ன் ரயில் போனால் யன்னல் நடுங்கும். மூத்தவர் செல்வா அண்ணை, ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். பிறகு மட்டக்களப்புப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடித்தால்கூடப் பாட்டுப் போலத்தான் இருக்கும். கடைசியாக நானும் தவமும்.

தவத்துக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் அரை வருசம் படித்து, கலவரங்களோடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தவன். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். மெஷின் என்றால் உயிர். உணவகத்தின் கோப்பை கழுவுகிற மெஷின் பழுதானால் திருத்துகிறவன் வர முன்னம் இவன் கழற்றி வைத்துவிட்டுப் பேச்சு வாங்குவான். "நான் இதைக் கழுவப் பிறக்கேல்லையடா, இதைச் செய்யப் பிறந்தனான்," என்று அந்த மெஷினைக் காட்டிச் சொல்லுவான். வாய் பெரிது. ஆனால் உண்மை.

அப்போது ஒரு உதவிக் குழு, பழைய பொத்தான் தொழிற்சாலை ஒன்றின் கீழ்த்தளத்தில், வெளிநாட்டுப் பெடியளுக்கு ஒரு வகுப்பு நடத்தியது. ஒரு தொழிலில் பயிற்சிக்குச் சேர முன்னம் எங்களைப் பதப்படுத்துகிற வகுப்பு. ஜெர்மன், கணக்கு, வரைபடம், பிறகு இரும்பு வேலை, மர வேலை, சமையல். ஒன்பது மாதம். முடிவில் ஏதாவது கொம்பனி பயிற்சி ஒப்பந்தம் தந்தால் தப்பினாய். ஆனால் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு வகுப்பில் இடமில்லை. அடுத்த வசந்தத்தில் தவத்துக்கு இருபத்தைந்து. அவனுக்கு இது ஒரே ஒரு தரம்தான். பிடிக்காவிட்டால் ஆயுளுக்கும் கோப்பைதான். நான் ஏன் சேர்ந்தேன் என்று கேட்கிறீர்களோ? அவன் சேர்ந்தான், நானும் சேர்ந்தேன். அவ்வளவு பெரிய இலட்சியம் எனக்கு.

இரும்பு வேலை படிப்பித்தது ஒரு பொம்பிளை. ஃப்ராவ் கெர்பர். எங்களைவிட ஐந்தாறு வயதுதான் கூட. நீலக் காற்சட்டை, காதில் பென்சில், கையில் அரம். முதல் நாள் நாங்கள் எல்லாரும் அவவைப் பார்த்துவிட்டு வாத்தியார் எப்போது வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ அரைமணித்தியாலம் கழித்துத்தான் விசயத்தைப் பிடித்தா. பிடித்ததும் மிச்ச நாளெல்லாம் எங்களுக்கு அரம் பிடிக்கிற விதத்தைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம். படிப்பிக்கிறவரிடம் "விளங்கேல்லை" என்று சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தவர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். துளை போடுகிற மெஷினைப் பற்றி அவ ஒரு மணித்தியாலம் விளக்கினா. நாங்கள் ஒரு மணித்தியாலம் தலையாட்டினோம். பிறகு பார்த்தால் மெஷினை எங்கே நிற்பாட்டுவது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அது சுத்திக்கொண்டே நிற்கிறது, நாங்கள் மரியாதையாய்ப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

மனிசி அடுத்த நாள் கரும்பலகையில் ஒரு சட்டம் எழுதினா: ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கேள்வி. கேட்காதவர் வீட்டுக்குப் போக முடியாது. எங்களுக்கு அந்தரமாகப் போச்சுது. கடைசியில் தவம் எழும்பி, பாடமாக்கி வைத்த ஜெர்மனில் கேட்டான். "ஃப்ராவ் கெர்பர், நீங்கள் கலியாணம் கட்டிட்டியளோ?" இல்லை என்றா. "ஏன் கட்டேல்லை?" அதற்கும் பொறுமையாய் ஏதோ சொன்னா. "அம்மா அப்பா ஒண்டும் சொல்லேல்லையோ?" அவ மர வாங்கில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தவத்தின் பெயருக்கு நேரே மூன்று சரி போட்டா.

இனி அந்த இரும்புக்கு வருவம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டு. ஆறு பக்கத்தையும் கையால் அராவி, தட்டையாக, நேர்மூலையாக எடுக்கவேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு நூல் தெரிந்தாலும் பிழை, திரும்ப அராவு. என்னுடைய துண்டுக்குள்ளால் சூரியோதயமே பார்க்கலாம். தவம் நாலு கிழமை அராவினான். உள்ளங்கை பொங்கி, உடைந்து, காய்த்துப்போனது. ஐந்தாம் கிழமை, ஆறு பக்கத்திலும் வெளிச்சம் இல்லை.

மெஷின்கள் செய்கிற கொம்பனி ஒன்றின் மைஸ்டர், அதாவது அங்கே பயிலுநர்களைத் தெரிவு செய்கிற பெரிய ஆள், திங்கட்கிழமை வந்து துண்டுகளைப் பார்ப்பார் என்று ஃப்ராவ் கெர்பர் சொன்னா. ஒரே ஒரு இடம்தான் இருக்கிறதாம். வீட்டில் அதைப் பார்த்து அளவுப் படம் கீற வேண்டும் என்று வெள்ளிக்கிழமை துண்டைத் தந்துவிட்டா. எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தவம் அதைக் கைக்குழந்தை மாதிரி ரயில் பாதையோரமாகக் கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கீறி முடித்துவிட்டு, செல்வா அண்ணையோடு நடக்கப் போய்விட்டான். நான் வீட்டில். அடுத்த நாள் அவனுடைய காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்று சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற நினைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னப் பித்தளை விளக்கைப் புளி போட்டு மினுக்கினேன். பளபளவென்று வந்தது. பக்கத்தில் இரும்பைப் பார்த்தேன். எண்ணெய் பிசுபிசுக்க, மங்கிப்போய்க் கிடந்தது. பெரிய மனிசர் பார்க்கப் போகிற சாமான், இப்படியோ அனுப்புவது? மிச்சப் புளி சட்டிக்குள் இருந்தது, உப்பும் இருந்தது.

ஆறு பக்கமும் தேய்த்தேன். பிறகு சுடுதண்ணியில் சவுக்காரம் போட்டு, எண்ணெய் ஒரு பொட்டும் இல்லாமல் கழுவி, துவாயால் ஒற்றி, தோய்த்த வெள்ளைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, மேலே அந்த எண்ணெய்க் கடதாசியை முந்தி இருந்தமாதிரியே மடித்து வைத்தேன். அந்த நேரம் அது வெள்ளி மாதிரி மினுங்கினது, சத்தியமாய். அவனுக்குச் சொல்லவில்லை. திறந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டேன்.

ஆச்சரியப்பட்டான்.

திங்கட்கிழமை காலை, மைஸ்டர் மேசைக்கு முன்னால் நிற்கிறார். நரைத்த மீசை, சிரிப்பு இல்லாத முகம். தவம் கடதாசியை விரித்தான், கைலேஞ்சியை விரித்தான். உள்ளே இருந்தது ஏதோ குளத்தில் கிடந்து எடுத்த சாமான் மாதிரி. கறுப்புத் திட்டு, மண்ணிறக் கறள், நடுவில் என் பெருவிரல் அடையாளம் பதிந்தபடி. இரும்பு துருப்பிடித்துக் கறளாகாமல் இருக்கத்தான் அந்த எண்ணெய் என்று எனக்கு ஆர் சொன்னது? ஃப்ராவ் கெர்பரின் முகம் சிவந்துபோனது. தவம் இரும்பைப் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தான்.

"நான்தான்," என்று எழும்பினேன். ஜெர்மனில் பழப்புளிக்கு என்ன சொல்லுவது? புளிப்பு, பழம், கறுப்பு, சாப்பாடு என்று தெரிந்த சொல்லையெல்லாம் போட்டு, கையால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினேன். மைஸ்டர் துண்டை எடுத்து மூக்கில் பிடித்து மணந்து பார்த்தார்.

"ஆர் இப்பிடிச் செய்யச் சொல்லித் தந்தது?"

"என்ரை அம்மா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மைஸ்டர் சிரிக்கவில்லை. மூலைமட்டத்தை எடுத்து யன்னலடிக்குப் போய் ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லை. ஆனாலும், மேற்பரப்புப் பழுதாப் போச்சு, இதை வைத்துத் தீர்மானிக்க ஏலாது என்றார். ஒரு புதுத் துண்டையும் ஒரு அரத்தையும் தவத்திடம் கொடுத்து, மத்தியானத்துக்குள் தன் கண்ணுக்கு முன்னால் ஒரு பக்கத்தை அராவச் சொன்னார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

தவம் கைச்சட்டையை மடித்துவிட்டுத் தொடங்கினான். நான் முருகா முருகா என்று நிற்கிறேன். ஒரு அரை மணித்தியாலம் போயிருக்கும். திடீரென்று அரத்தை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். முடியாது என்று சொல்லப்போறானோ?

"மன்னிக்கோணும், ஒரு கேள்வி. இந்த அரம் தேஞ்சு போச்சுது. வேறை ஒண்டு தருவியளோ?"

மைஸ்டர் எழும்பி, மேசை லாச்சியைத் திறந்து ஒரு புது அரத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் அவர் மீசை கொஞ்சம் அசைந்தது. வேண்டுமென்றுதான் தேய்ந்ததைக் கொடுத்தாரோ, தெரியாது. ஃப்ராவ் கெர்பர் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினா. மத்தியானம் தவம் முடித்த பக்கத்தை யன்னலடியில் பிடித்துப் பார்த்த மைஸ்டர், கடிதம் வரும் என்று மட்டும் சொன்னார். போகும்போது மைஸ்டர் என்னைக் காட்டி அவவிடம், இந்த ஆளை இனி இரும்புக்குக் கிட்ட விடவேண்டாம், சமையலுக்கு அனுப்புங்கோ என்றார். அனுப்பினா. எந்த முகூர்த்தத்தில் அந்த வாயைத் திறந்தாரோ, ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் பயிற்சி முடித்துச் சமையல்காரனாகத்தான் இன்றைக்கும் சோறு சாப்பிடுகிறேன்.

பத்து நாள் கழித்துத் தவத்தைக் கொம்பனிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஓமோ இல்லையோ எழுதியிருக்கவில்லை. காலமை ரயில் ஏறிப் போனான். எப்போது திரும்புவான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில் டெலிபோன் கிடையாது. நாங்கள் நாலு பேரும் பின்னேரம் இரண்டு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். செல்வா அண்ணை கோட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்தார். ரயில் வரும், ஆட்கள் இறங்குவார்கள், தவம் இல்லை. திரும்ப ஒன்று, அதிலும் இல்லை. நாலு தமிழர் இரண்டு மணித்தியாலமாய் ஒரே மேடையில் நின்றால் பொலிஸ் வராதோ? வந்தார்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, வந்து நின்ற ரயிலின் கதவிலிருந்து தவம் குதித்தான். தலைக்கு மேலே ஒரு கடதாசியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"கிடைச்சிட்டுதடா! அண்ணை, கிடைச்சிட்டுது!"

செல்வா அண்ணை அழுதார். மட்டக்களப்பு அண்ணனும் தம்பியும் என்னைத் தூக்கினார்கள், ஏன் என்னைத் தூக்கினார்கள் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பொலிஸ்காரரில் இளையவன் ஒப்பந்தத்தை வாங்கி முழுதாக வாசித்துவிட்டுத் தவத்துக்குக் கை கொடுத்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாய் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. என் கலியாணத்தன்று கூட இல்லை. மெதுவாய்த்தான் சொல்லுறன், கதவு சாத்தியிருந்தாலும் அவளுக்குக் காது கேட்கும்.

பொத்தான் தொழிற்சாலை இப்போது மாடி வீடுகள். செல்வா அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கனடாவில். தவம் நாலு வருசம் படித்து, அதே கொம்பனியில் இருந்து ஓய்வும் எடுத்துவிட்டான்.

சில வருசத்துக்கு முன் என் கடைசி மகன் மின்சார வேலைக்குப் பயிற்சி இடம் கேட்டுப் போயிருந்தான். நான் வேலையில் நிற்கிறேன், ஃபோனில் ஒரு செய்தி: "அப்பா, கிடைச்சிட்டுது." பக்கத்தில் ஒரு பெருவிரல் படம். அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் மேடையில் நின்றேன். ரயில் வந்தது. அவன் காதில் பாட்டுக் கேட்டபடி இறங்கி, என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப்போனான்.

"என்னப்பா, ஏன் இங்கை நிக்கிறியள்? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"