சாயப்பட்டறைக்குப் போன சிவப்புக் குதிரை

1. வைகாசித் திருவிழா மைதானத்தில், கையால் சுற்றும் குதிரை ராட்டினத்தை எடுத்துவிட்டு மின்சார டிராகன் ரயில் வைத்தார்கள்.
2. பழைய மரக்குதிரைகளைச் சாயப்பட்டறை மாமா விறகுக்கு வாங்கினார்.
3. எட்டு வயதில் நான் அவர் வலது கையைக் கடித்தேன்.

இன்று வேலையிடத்தில் வெல்டிங் தீப்பொறி தெறித்துப் பெயின்ட் கருகிய நெடியில், பட்டுநூலுக்காகக் கொதித்த அரக்குச் சாயமும், வருடாவருடம் நான் அடம்பிடித்து ஏறிய சிவப்புக் குதிரையின் கழுத்தில் கோடரி இறங்கி இறங்கி எழுந்த சத்தமும், பல்லுக்கடியில் மாமாவின் நரம்பு நழுவியதும், அவர் ரத்தத்தின் உப்பும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

"என் குதிரய வெட்டாத மாமா!"

"உடுமா! புதுசா டிராகன் வந்துகீதே, போயி அத்தக் கடி!"

என்னை உதறித் தள்ளிவிட்டுக் குதிரைத் தலையை அடுப்பில் எறிந்தார்; அதன் சிவப்புப் பெயின்ட் கருகியது.

நூல் பிழியும்போது அவருடைய வலது கட்டைவிரல் இன்றும் மடங்குவதில்லை. நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.