நாங்கள் ‘டேக்’ படித்த மழைக்காலம்

எழுபதுகளின் கடைசியில் நான் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். என்னோடு இன்னொரு நர்ஸ், திருப்பத்தூர்க்காரி, என் வயதுதான். இருவருக்கும் ஒரே அறை. நான்கு வார்டு கட்டில்களையும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டெரிலைசரையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள அவளுக்கு மனமில்லை. பெரிய ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்பாள். வளைகுடாவில் நர்ஸுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ, எல்லாம் இங்கிலீஷில்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்று என்னை விடவில்லை. நான் வேலூரில் கான்வென்ட்டில் படித்தவள்.

அவளுக்குச் சொற்கள் நிறையவே தெரியும். எதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் தடுமாற்றம். நோயாளியிடம் ‘ஈட் டேப்லெட்’ என்பாள். மாத்திரை சாப்பிடு என்பதுதானே நம் வழக்கம். மூச்சை இழு என்பதற்கு ‘புல்’, போட்டோ பிடி என்பதற்கு ‘கேட்ச்’. எல்லாவற்றுக்கும் ‘டேக்’ போடு என்றேன். மாத்திரை, மூச்சு, போட்டோ, குளியல், பஸ், லீவு, ஓய்வு என்று பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனோம். வெளியே மழை விடாமல் பெய்தது. ஜீப் வராத நாட்கள் அவை.

“இன்னாடி இது, பஸ்ஸ நாம எடுத்துக்கினா போறோம்? அதுதான நம்மள எடுத்துக்கினு போவுது?” என்று கேட்டாள். அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

புளி உலுக்க மரமேறி விழுந்த ஒரு பெரியவரிடம் ஒருநாள் அவள் இங்கிலீஷிலேயே மூச்சு இழுக்கச் சொன்னாள். அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க மருந்து அறைக்குள் ஓடினேன். அங்கே அவளும் வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அத்தனை சிரிப்பு அதன் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இன்டர்வியூவில் அவள் தேறிவிட்டாள். திரும்பி வந்த அன்று சாயங்காலம் பாயில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு விண்ணப்பத்தாள் வாங்கி வந்திருப்பதாகச் சொன்னாள்.

“நீயும் வாயேன். நீ பேசற இங்கிலீசுக்குக் கண்ண மூடிக்கினு எடுத்துக்குவாங்க.”

ஊரில், சந்தவாசலில் அம்மா தனியாக இருக்கிறாள் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அண்ணன் வீடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்கு மறுபடி கேட்கவில்லை. தாளை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கிளம்பிய காலையில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, என் கையைப் பிடித்தபடி “டேக் கேர்” என்றாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சென்னையில் யாரிடமோ கற்றுக்கொண்டிருக்கிறாள். சரியாகச் சொல்கிறாளே என்ற சந்தோஷத்தைவிட, எனக்குத் தெரியாமல் ஒன்றைக் கற்றுவிட்டாளே என்ற வலிதான் பெரிதாக இருந்தது.

அடுத்த மாதம் புது நர்ஸ் வந்தாள். அவளுக்கு என் கட்டிலைக் கொடுத்துவிட்டு, போனவளின் ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறிக்கொண்டேன். அங்கே படுத்தால் ஜீப் பாதையின் வளைவு தெரியும்.

முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது, பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக. அதில் நான் திருத்த எதுவும் இருக்காது. தியேட்டரில் ஒரே நாளில் ஆறு கேஸ் பார்த்ததை எழுதியிருந்தாள். இன்னும் நர்ஸ் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று ஒருமுறை கேட்டிருந்தாள். விண்ணப்பத்தை எடுத்துப் பூர்த்தி செய்தேன், கையெழுத்தும் போட்டேன். திருப்பத்தூர் போகும்போது தபாலில் சேர்க்கலாம் என்று வைத்தேன். போனேன், சேர்க்காமலே திரும்பினேன்.

பிறகு கடிதங்கள் குறைந்தன. கடைசியாக நான் எழுதியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவள் வீட்டுக்கு எழுதிக் கேட்டேன். வேறு நாட்டுக்குப் போய்விட்டாள், அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது, புது விலாசம் அனுப்புகிறோம் என்று அவள் தம்பி கார்டு போட்டிருந்தான்.

விலாசம் வரவில்லை. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் மலையேறுவார். எனக்கு மாற்றல் வந்து மலையிறங்கும்வரை, அந்த இரண்டு நாளும் வார்டு வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.