தர்ப்பைப்புல் புருசன்

நாகேஸ்வரி பயப்படாத பொருளென்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். சாவகச்சேரியில் பிறந்து, கல்யாணம் கட்டிய கையோடு முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்தவள். யானைக்குப் பயம், இடிக்குப் பயம், கொடிக்கயிறு பாம்பாகிவிடுமோ என்று அதற்கும் பயம். புருசன் மயில்வாகனம் தகரத்தில் தட்டி யானையைத் துரத்தினால், யானை போய் வெகுநேரமான பிறகும் இவள் கட்டிலுக்குக் கீழே கிடப்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவன் சிரிப்பான். தகரம் பிடித்த தன் கை நடுங்கியதை மட்டும் சொல்லமாட்டான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு சிறுபோகத்தில், வாய்க்கால் தண்ணீருக்காக அவனுக்கும் பக்கத்துக் காணிக் கனகலிங்கத்துக்கும் சண்டை வந்தது. கனகலிங்கம் மண்டை உடைந்து செத்துப்போனார். பார்த்தவர் யாருமில்லை. தான் அடிக்கவில்லை, தள்ளியதில் கல்லில் விழுந்துவிட்டார் என்று மயில்வாகனம் பெண்சாதியிடம் சத்தியம் பண்ணினான். அதே சத்தியத்தைப் பொலிசிடம் பண்ண நிற்கவில்லை. முல்லைத்தீவு யோகலிங்கத்தின் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டான். கோடிக்கரையில் நல்லபடி இறக்கிவிட்டதாக யோகலிங்கம் வந்து அவளிடம் இரகசியமாகச் சொன்னான்.

கடலுக்கு அங்கால் போனவனைப் பொலிசார் சும்மா போய்ப் பிடித்து வர முடியாதாம். இங்கேயிருந்து கொழும்புக்கு எழுத, கொழும்பு டில்லிக்கு எழுத, அங்குள்ள நீதவான் விசாரித்து, இவன்தான் அவன் என்று திருப்திப்பட்டுக் கையளித்தால்தான் ஆள் வரும். வந்தால் தூக்குத்தான் என்று சனம் கதைத்தது. அதற்குப் பிறகு நாகேஸ்வரி வீட்டுக் கூரை வளையை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மயில்வாகனத்தின் தமையன் இளையதம்பி யோசனைக்காரர். அவர் யோசித்தால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம்.

“செத்தவனை எந்த அரசாங்கம், பிள்ளை, திருப்பிக் கேக்கும்?” என்றார்.

வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்தது, யோகலிங்கம் நீந்தித் தப்பினான், மயில்வாகனம் போய்விட்டான். இதுதான் கதை. கடலில் போனவனின் பிரேதம் கிடைக்காவிட்டால் தர்ப்பைப்புல்லில் ஆளைப்போல ஒன்று கட்டிக் கொள்ளி வைப்பது வழக்கம். அதைப் பொலிஸ் பார்க்கச் செய்ய வேண்டும்.

“உயிரோடை இருக்கிறவருக்குக் கொள்ளி வைச்சால், அது அவரிலை பிடியாதோ அத்தான்?”

“கொள்ளி பிடியாது. கயிறுதான் பிடிக்கும்.”

செத்தவீடு சிறப்பாக நடந்தது. புல்லு ஆளுக்கு மயில்வாகனத்தின் வேட்டியைக் கட்டினார்கள். அசல் மயில்வாகனம் அவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் வேட்டி கட்டியதில்லை. முல்லைத்தீவு இன்ஸ்பெக்டரும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பெண்கள் தாலியைக் கழற்ற வந்தபோது நாகேஸ்வரி அதைக் கையால் பொத்திக்கொண்டாள். இளையதம்பி செருமினார். கை விட்டது. தாலி புல்லின் நெஞ்சில் கிடந்தது.

வீட்டுக்கு முன்வெளியில்தான் எரித்தார்கள். நெருப்புப் பட்டதும் புல் முறுகி, கை ஒன்று மெல்ல மேலே எழும்பியது. படலையடியில் நின்று பார்த்த நாகேஸ்வரி குளறினாள். புருசனில் எவ்வளவு பட்சமென்று ஊர் மெச்சியது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலை அவளே சமைத்துப் படைத்தாள். காவலுக்கு வந்த கொன்ஸ்தாபிள்மார் அதை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. செத்தவன் கடிதம் போட ஏலாது, அவனுக்கு எழுதவும் ஏலாது. கோடிக்கரையில் உண்மையாகவே இறக்கினாயா என்று யோகலிங்கத்தை மறித்துக் கேட்டாள். அவன் சந்தியில் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, வள்ளம் கவிழ்ந்த கதையையே சொன்னான். சொல்லும்போது கண்ணீர் வேறு விட்டான். அத்தனை இடத்தில் சொல்லி அந்தப் பொய் நன்றாக முற்றியிருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் புல்லுக் கை எழும்பியது. கொள்ளி வைக்க விட்டுத் தான்தான் அவனைக் கொன்றுவிட்டோமோ?

ஒருநாள் இளையதம்பிக்குத் தெரியாமல் பஸ் ஏறி முல்லைத்தீவுப் பொலிசுக்குப் போனாள். எங்காவது கரையில் பிரேதம் ஒதுங்கியதா என்று கேட்கத்தான் போனாள்.

இன்ஸ்பெக்டர் கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

“நாங்கள் முந்தி எழுதினதுக்கு நாகபட்டினத்திலை ஒருத்தனைப் பிடிச்சு வைச்சிருக்கினம், அம்மா. தன்ரை பேர் மயில்வாகனம் இல்லையாம். அடையாளம் ஒண்டும் எங்களிட்டை இல்லை. அனுப்பாட்டி அங்கத்தைக் கோட்டு வாற கிழமை விட்டிடும்.”

“ஆள் எப்பிடி ஐயா?”

“அதைத்தான் நான் உங்களிட்டைக் கேக்கிறன்.”

வாயைத் திறந்தால் கயிறு. மூடினால் ஒருநாளும் தெரியவராது; பிடிபட்டவன் எவனோ ஒருவனாக இருக்கலாம், அவளுடையவன் கடலுக்கடியில் கிடக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வலக்கால் பெருவிரலிலை நகமில்லை,” என்றாள். “மண்வெட்டி பட்டது.”

அதை எழுதியனுப்ப, அங்கே ஆளை விடாமல் வைத்திருந்தார்கள்; பதில் வர மாதக்கணக்கானது. நகமில்லை என்று வந்தது. இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்து அதைச் சொன்னபோது, நாகேஸ்வரி குசினிக்குள் போய் அடுப்படியில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய வாந்தியெடுத்தாள்.

தலைமன்னார்க் கப்பலில் ஆளைக் கொண்டுவந்தார்கள். பொய் சொன்னதற்கு இளையதம்பிக்கும் யோகலிங்கத்துக்கும் தனி வழக்கு. வெள்ளைச் சீலையை மாற்றலாமா என்று அவள் குருக்களைக் கேட்டாள். செத்தவரைத் திருப்பி எடுக்கக் கிரியை ஒன்றுமில்லை என்றார் அவர். ஆகவே வழக்கு நாளன்று முல்லைத்தீவுக் கோட்டடிக்கு வெள்ளைச் சீலையோடும் வெறும் நெற்றியோடும்தான் போனாள்.

மயில்வாகனம் விலங்கோடு வந்தான். நன்றாக மெலிந்திருந்தான். அவளுடைய வெள்ளைச் சீலையையும் வெறும் நெற்றியையும் பார்த்தான்.

“ஆர் செத்தது?”

“நீங்கள்தான்.”

பக்கத்தில் நின்ற கொன்ஸ்தாபிள் மறுபக்கம் திரும்பிச் சிரித்தான். அவள் சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். புல்லுக்குக் கொள்ளி வைத்தது, தாலியைக் கழற்றியது, இரவெல்லாம் அந்தக் கை எழும்பியது.

“நகத்தைச் சொல்லிக் குடுத்தது நான்தான். இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியவேணுமாயிருந்தது.”

திட்டுவான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரியாப் பயந்திட்டியோ?”

“இப்பவும்தான்.”

“நானும்தான்,” என்றான் மயில்வாகனம்.

உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணைத் திறந்தபோது, அவனுடைய விலங்கு கிலுகிலுவென்று தானாக அடித்துக்கொண்டிருந்தது.