வயிறில்லாத ஆட்டோக்காரர்

என் கணவருக்கு வயிற்றில் புற்றுநோய், வயிற்றையே முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். கணவர் மாட்டேன் என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிவிட்டார். ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் வழிநெடுக அவரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

ஆட்டோக்காரர் படு ஒல்லி. அவருடைய காக்கிச் சட்டைக்குள் இன்னொருவரும் புகுந்துகொள்ளலாம். திடீரென்று வண்டியை ஓரங்கட்டி, டப்பாவிலிருந்து அரை இட்லியை எடுத்து நிதானமாக மென்றார்.

"தப்பா நெனைக்காதீங்கமா. கொஞ்சம் கொஞ்சமா துன்னுக்கினே இருக்கணும். எனக்கும் வயித்த எடுத்துட்டாங்க."

"அப்ப சோறு எங்கபா போவுது?" என்றார் கணவர்.

"கொடல இழுத்து மேல சேத்துத் தெச்சுட்டாங்க, அது பாத்துக்குது. ஒரு வசதி இன்னான்னா, எவன் மாடி வூடு கட்டினாலும் எனக்கு வயித்தெரிச்சலே வர்றதில்ல."

கணவர் சிரித்துவிட்டார். நானும், பக்கத்திலிருந்த பூக்காரம்மாவும் சிரித்தோம். நிறுத்தவே முடியவில்லை. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியத் திருப்புபா" என்றார். பூக்காரம்மா உட்பட யாருமே இறங்கவில்லை. ஆட்டோவில் இருந்த எல்லோருமே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த மனிதருக்கு உண்மையிலேயே வயிறு இல்லையா, இல்லை இவருடைய பயத்தைப் பார்த்துக் கதை அளந்துவிட்டாரா என்று எங்களுக்குள் இன்றும் வாக்குவாதம்தான்.