சீட்டம்மாவும் நானூறு கிலோமீட்டரும்

என் வியாபாரத்தைக் கெடுப்பதற்கென்றே எங்கள் கார் ஷோரூமில் ஒருவர் பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறார். பின்பக்கம், சர்வீஸ் கூடத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் அவருடைய மேஜை. வாரண்டியில் இருக்கிற வண்டியில் ஏதாவது உடைந்தால், அது ஏன் உடைந்தது, யார் தப்பு என்று கார் கம்பெனிக்கு எழுதிப் புதுப் பாகம் வாங்கித் தருவது அவர் வேலை. அதோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? புதுக் கார் வாங்க வருகிறவர்களும் அவரிடம் போய்விடுகிறார்கள்.

நான் முன்னால் நின்று கார் விற்கிறவன். இருபத்தாறு வருடமாக விற்கிறேன், நன்றாகவே விற்கிறேன். புது வண்டிக்குக் கம்பெனி தானாகக் கொடுக்கும் வாரண்டி மூன்று வருடம். தனியாகக் காசு கட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீளும். அந்தக் கூடுதல் வாரண்டியை மாதத்துக்கு இத்தனை என்று நான் விற்றாக வேண்டும். பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் தலையில் கட்டிவிடுவேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிற நேரத்தில்தான், "பின்னாடி ஒரு அம்மா இருக்காங்களாமே, அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அவர் சீட்டம்மா. கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே வீணாய்ப்போன தாள்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நூலில் கட்டி, கைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். யார் எதைச் சொன்னாலும் அந்தச் சீட்டில் தேதி போட்டு எழுதி, அட்டைப் பெட்டியில் மாதவாரியாகச் சேர்த்து வைப்பார். சீட்டின் முன்பக்கம் நம் சமாச்சாரம். பின்பக்கம் யாருடைய கணக்குப் பாடமோ, யாருடைய வீட்டுப் பத்திரமோ பாதியில் அறுந்து நிற்கும். கம்ப்யூட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நான் கேலி பண்ணாத நாள் கிடையாது. கம்ப்யூட்டருக்கு மறதி இல்லைதான், ஆனால் யார் சொன்னாலும் பேச்சை மாற்றிக்கொள்ளும் என்பார்.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறார். இங்கே வருவதற்கு முன்னால் எட்டு வருடம் துணி துவைக்கும் மிஷின் விற்கிற கடையில் புகார் கேட்கும் கவுண்டரில் உட்கார்ந்து, ஊரார் திட்டையெல்லாம் வாங்கித் தோல் தடித்துப்போனவர். எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் அவர் பேனா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கத்துகிறவர் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்பார்.

அவரிடம் யோசனை கேட்டுப் போகிறவர்களுக்கு நான் கொடுக்கிற வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை அவர் திறந்தே பார்ப்பதில்லை. எழுந்து அறையின் மூலையில் உள்ள இரும்பு அலமாரிக்குக் கூட்டிப்போவார். கழற்றிய பாகங்கள் அதில் இருக்கும். ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய அட்டை கட்டியிருக்கும். கருகின எண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைக்கும். வலது பக்கம் தேய்ந்த பிரேக் கட்டைகள், கிளட்ச் தட்டுகள், வைப்பர், பேட்டரி என்று பிதுங்கி வழியும். அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தேய்கிற சாமான், எந்த வாரண்டியிலும் வராது. இடது பக்கம் நாலைந்து பாகம்தான் இருக்கும். ஒரு ஸ்டியரிங் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், எப்போதாவது ஒரு கியர்பாக்ஸ். "இந்தப் பக்கம் அடிக்கடி போகும், வாரண்டி கிடையாது. அந்தப் பக்கம் அபூர்வமாப் போகும், போனா ஒரு வருஷச் சேமிப்பைத் தின்னுடும். நீங்க காசு கட்டுறது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான்" என்பார்.

அப்புறம் கேள்வி கேட்பார். தினம் எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை வருடம் வைத்திருப்பதாக உத்தேசம். கடைசியாக, சர்வீஸுக்கு நேரத்துக்கு வருவீர்களா என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார். ஒரு தடவை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நான் அரைமணி நேரம் பேசிக் கரைத்து வைத்திருந்தேன். இவர் இரண்டே நிமிடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நான் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் வாரத்துக்கு இரண்டு நாள் நூலகம் வரைக்கும் போகிறார், மூன்று வருடத்தில் வண்டியை விற்றுவிட்டுக் கடல் தாண்டி இருக்கிற மகனிடம் போய்விடுவார், அவருக்கு எதற்கு அண்ணே என்றார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் "எடுங்க" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் எடுப்பார்கள். அப்படி எடுத்தவர்களின் பெயர்களைத் தனிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர்கள் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதிவிடுவார். தன் பேச்சைக் கேட்டுக் காசு கட்டியவர்களாம், கடைசி நாள் வரைக்கும் கூட நின்றாக வேண்டுமாம்.

அப்படி எடுத்தவர்களில் ஒரு நர்ஸும் உண்டு. படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்டு ஊசி போடுகிறவள். ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர் சுற்றுவாள். காரை விற்றது நான், கூடுதல் வாரண்டியைக் கண்டிப்பாக எடுக்கச் சொன்னது சீட்டம்மா. ஐந்தாவது வருடம் முடிய நாலு மாதம் இருக்கும்போது அந்த வண்டியின் கியர்பாக்ஸ் உடைந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். சீட்டம்மா நிம்மதியாகத்தான் எழுதி அனுப்பினார். மூன்றாம் நாள் கம்பெனி முடியாது என்றுவிட்டது.

காரணம் நானூறு கிலோமீட்டர். பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ், ஆயிரம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது கம்பெனியின் சட்டம். எழுபதாயிரத்தில் செய்ய வேண்டிய சர்வீஸுக்கு அவள் எழுபத்தோராயிரத்து நானூறில் வந்திருக்கிறாள். வாரண்டி செத்துப்போவதற்கு அது போதும். ஏன் தாமதம் என்ற கட்டத்தில் எங்கள் கம்ப்யூட்டர் 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று காட்டியது.

அந்த விருப்பம் யாருடையது என்று எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாதக் கடைசி. நான் விற்ற ஒன்பது புது வண்டிகளைக் கழுவிச் சரிபார்த்துக் கொடுக்க இடம் போதவில்லை. சர்வீஸ் தேதி கொடுக்கிற பெண் லீவு. நானே அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து, முன்பதிவுகளை வரிசையாக அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். தேதியை மாற்றினால் பழைய தேதி அழிந்துவிடும், காரணக் கட்டத்தில் அந்த இரண்டு வார்த்தையும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் செய்வோம், யாரும் தப்பாக நினைத்ததில்லை.

சீட்டம்மா பெட்டியைக் கிளறி ஒரு சீட்டோடு வந்தார். '24ஆம் தேதி. மீட்டர் 69,900. நேரில் வந்தார். இடம் இல்லை. 19க்கு மாற்றம். மாற்றியது: அண்ணன்.' பின்பக்கம் ஏதோ உலகப் படத்தின் பாதிக் கடல்.

என் பெயர் அதில் இல்லை என்று ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டேன், மறைப்பானேன். கம்பெனிக்கு அண்ணனைத் தெரியாது. மாற்றியவர் தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சீட்டுக்கு உயிர் வரும். அப்போது எனக்கு விற்பனைப் பிரிவுத் தலைமை என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மேனேஜரும் சீட்டம்மாவைக் கூப்பிட்டு, ஷோரூமுக்குக் கெட்ட பெயர் வரும், அந்த நர்ஸுக்கு ரிப்பேர் கூலியில் ஏதாவது குறைத்துக்கொள்ளலாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டுச் சீட்டம்மா நேராக என்னிடம் வந்தார்.

நான் சுலபமான வழி சொன்னேன். "எதுக்கும்மா இவ்வளவு பாடு? எழுபத்தொண்ணு நானூறுன்னு இருக்கிறதை எழுபது தொள்ளாயிரம்னு திருத்தி அனுப்புங்க. எட்டு மாசத்துக்கு முந்தின மீட்டரை இப்ப யார் வந்து பாக்கப் போறான்?"

"யாரும் பாக்க மாட்டாங்க அண்ணே. பதினோரு வருஷமா நான் எழுதினதை அவங்க திருப்பிப் பாக்கிறதே இல்ல. அதனாலதான் திருத்த மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சீட்டை என் மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க என் பேனாவையே மேலே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்படியொரு ஆத்திரம். பெரிய நீதிபதி என்று நினைப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே டீ எடுக்க வாடிக்கையாளர் அறைப் பக்கம் போனேன். வண்டியைப் பற்றிக் கேட்க வந்திருந்த நர்ஸ் அங்கே போனில் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் மாறி வருவதால் கட்டுப் பிரிக்க மதியம் ஆகிவிடும், அதுவரைக்கும் காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கோ பொறுமையாகச் சொன்னாள். அடுத்த போனில் ஒருவரிடம், இந்த வாரம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எதையாவது பேச வேண்டுமே என்று, அன்றைக்கே கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்றேன். எவ்வளவு மட்டமான பேச்சு என்று வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் கோபிக்கவில்லை. "கேட்டேனே சார். ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தத் தைரியத்துலதான் போனேன்."

இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. ஒருத்தி அதை நம்பி ஓட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு மேஜைக்கு வந்தேன். இடமில்லாததால் நான்தான் தள்ளினேன், வாடிக்கையாளர் கேட்டுத் தள்ளவில்லை என்று ஒரு முழுத் தாளில் எழுதி, பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கண்ணாடி அறையில் கொடுத்தேன். சீட்டம்மா வாங்கிப் படித்தார். தேதி போடவில்லை அண்ணே என்று திருப்பிக் கொடுத்தார்.

கம்பெனியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். பெட்டியைத் திறந்து, அதே மாதத்தில் தள்ளப்பட்ட மற்றவர்களின் சீட்டுகளையும் கேட்டார். சீட்டம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், ஒன்றுகூடக் காணாமல் போயிருக்கவில்லை. பதினேழாம் நாள் அனுமதி வந்தது. புதுக் கியர்பாக்ஸ் மாட்டி, நர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நின்று நன்றி சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை, மூன்று வீடு பாக்கி இருந்தது. பழைய கியர்பாக்ஸ் அட்டை கட்டிக்கொண்டு அலமாரியின் இடது பக்கம் ஏறியது. காரணக் கட்டத்தில் இப்போதெல்லாம் தானாக ஒன்றும் வருவதில்லை, கையால்தான் எழுத வேண்டும்.

விற்பனைத் தலைமை எனக்கு வரவில்லை. மேனேஜர் என்னைத் தூக்கிச் சர்வீஸ் தேதி கொடுக்கிற கவுண்டரில் போட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார். ஆறு மாதமாக ஒரு தேதி தள்ளிப்போகவில்லை. ஒரு மாதக் கடைசியில் மேனேஜரே வந்து இடம் கேட்டார், இல்லை என்றேன். இந்தக் கவுண்டரில் நான் ராஜா.

போன வாரம் என் மகளுக்காகப் புதுக் கார் ஒன்று பதிவு செய்தேன். ஆயிரக்கணக்கான பேருக்குக் கூடுதல் வாரண்டி விற்றவன், எனக்கென்று வரும்போது கண்ணாடி அறைக்குத்தான் போனேன். வழக்கம்போல அலமாரி முன்னால் நிறுத்தினார். வலது பக்கத்தைக் காட்டினார், இடது பக்கத்தைக் காட்டினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். மகள் வேலைக்குப் போக வர எழுபது கிலோமீட்டர், ஏழு வருடமாவது வைத்திருப்பாள் என்றேன். எழுதிக்கொண்டார்.

"சர்வீஸுக்கு நேரத்துக்கு வருவீங்களா அண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, தேதி குடுக்கிற கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிறதே நான்தானே?"

"அதனாலதான் கேக்கிறேன்" என்றார். பேனா சீட்டின் மேலேயே நின்றது.

வருவேன் என்றேன். "அப்ப எடுங்க" என்று எழுதிச் சீட்டைப் பெட்டியில் போட்டார். இந்தத் தடவை அதில் அண்ணன் என்று இல்லை, என் முழுப் பெயர் இருந்தது.